வருடத்துக்கு இரண்டு சாட்சி

அலபாமாவின் பருத்திக் காட்டுப் பக்கம், டன்மோர் ஊரில், ஓஸெல்லா ரீவ்ஸின் கை படாத கறுப்பினப் பெண் தலை ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் பெண்ணும் அவர் கடைக்குத்தான் வருவாள், தேவாலயத்துப் பாடகர் குழுவும் அங்கேதான் வரும். செத்தவர்களிடம் மட்டும் அவரே போவார். சவ அடக்கம் செய்யும் கிரம்ப் ஆள் அனுப்பினால் போதும், சின்ன அடுப்பையும் இரும்புச் சீப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "காது சுட்டுருச்சுன்னு புகார் சொல்லாத ஒரே வாடிக்கை இவங்கதான்" என்பார்.

உயிரோடு இருப்பவர்கள் புகார் சொல்லத்தான் செய்தார்கள். சீப்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய் தடவிய சுருள் முடியில் இழுத்து நேராக்குகிற வேலை அது. சுர்ரென்று புகை வரும். உட்கார்ந்திருப்பவர் தன் காதைத் தானே மடக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓட முடியாது என்பது ஓஸெல்லாவுக்கு வசதியாகப் போயிற்று.

"அலபாமாவுக்கு எத்தன செனட்டர்?"

"ரெண்டு."

"பதவி எத்தன வருஷம்?"

"ஆறு. அக்கா, கழுத்து சுடுது."

"சுடட்டும். ஆறுங்கறது சரி."

இப்படித்தான் அந்தக் கடை, ஓட்டுரிமைக்கான பள்ளிக்கூடமாகவும் நடந்தது. டன்மோரில் இதை வேறு யாரும் செய்திருக்க முடியாது. பள்ளித் தலைமையாசிரியருக்குச் சம்பளம் வெள்ளையர் குழுவின் கையில். சமையல்காரிகளுக்கு எஜமானியின் கையில். குத்தகைக்காரர் படுத்திருக்கும் வீடே நிலச் சொந்தக்காரனுடையது; வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் சாமான் தெருவில் கிடக்கும். ஓஸெல்லாவுக்கு எஜமான் யாரும் இல்லை. அவரை வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் டன்மோர் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தலை வாராமல் இருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

அவரும் ஒரு காலத்தில் அடுப்படியில் நின்றவர்தான். பதினான்கு வயதில் வேலைக்குப் போன வீட்டில், "ஓஸெல்லாங்கறது என் வாயில நுழையல, எல்லான்னு கூப்பிடறேன்" என்று எஜமானியம்மாள் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டாள். ஒன்பது வருடம் 'எல்லா'வுக்கே ஓடி ஓடிப் பதில் சொன்னார். இருபது வயதில் மர அறுவை மில்லில் வேலை பார்த்த வால்டர் ரீவ்ஸைக் கட்டினார். மூன்று வருடம் கழித்து அவர்தான் பிடிவாதமாக மனைவியைப் பர்மிங்ஹாமுக்கு அனுப்பி முடி வேலை படிக்க வைத்தார். முதல் நாள் வகுப்பில் கறுப்பின ஆசிரியை ஒருவர், "மிஸஸ் ரீவ்ஸ்" என்று கூப்பிட்டார். மாமியார் எப்போது வந்தார் என்று ஓஸெல்லா திரும்பிப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வந்த வெட்கம் போய், அடுத்த ஆறு மாதத்தில் அந்த 'மிஸஸ்' அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பெயர் எழுதும் இடமெல்லாம் யோசிக்காமல் எழுதினார். மில்லில் மரம் உருண்டு வால்டர் போன பிறகும் எழுதினார்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர அவர் ஐந்து முறை நீதிமன்றக் கட்டிடத்துப் படி ஏறினார். பதிவாளன் ஜன்னலைத் திறப்பதே மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை. வெள்ளையர் வந்தால் அம்மா சௌக்கியமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வான். கறுப்பர் வந்தால் நான்கு பக்கப் படிவம், அரசியல் சட்டத்தில் கேள்வி, ஒரு புள்ளி தவறினாலும் வெளியே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருடம், வாஷிங்டனிலிருந்து மத்திய அரசின் வழக்கு ஒன்று வந்தது. யாரையாவது சேர்த்ததாகக் காட்ட வேண்டிய நெருக்கடியில் ஓஸெல்லாவைச் சேர்த்தார்கள். அதற்கு முன் அந்த மாவட்டத்தில் ஓட்டு இருந்த ஒரே கறுப்பர் கிரம்ப்தான்.

இங்கே இன்னொரு கண்ணி இருந்தது. படிவம் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓட்டு உள்ள ஒருவர் கூடவே வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஒருவர் வருடத்துக்கு இரண்டு பேருக்குத்தான் சாட்சி நிற்கலாம். படிவம் எழுதியவர் தோற்றாலும் அந்தச் சாட்சி செலவானதுதான். எவனோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து யோசித்துப் போட்ட விதி.

ஆக, அறுபத்து நான்காம் வருடம் பிறந்தபோது ஓஸெல்லாவின் கையில் இரண்டு சாட்சி. கடைக்கு வருகிறவர்களில் நாற்பது பேர் அதற்கு ஆசைப்பட்டார்கள்.

முதல் சாட்சியைத் தபால்காரர் ரோஸ்கோ பீலுக்குக் கொடுத்தார். இத்தாலி வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர், தேவாலயத்தில் மூப்பர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். தேறிவிட்டார். தேறிய கையோடு அடுத்ததற்கும் திட்டம் வைத்திருந்தார்.

"நல்லாப் படிச்சவங்களாப் பாத்துக் கூட்டிப் போவோம், சிஸ்டர் ரீவ்ஸ். ஒருத்தர் தேறினா அவர் ரெண்டு பேருக்கு நிப்பாரு. அந்த ரெண்டு நாலாகும். மூணு வருஷத்துல ஷெரீஃபையே மாத்திடலாம்."

"சரிதான். ரெண்டாவது யாருன்னு முடிவு பண்ணிட்டேன், பிரதர் பீல்."

"யாரு?"

"க்ளோட்டி மிம்ஸ்."

ரோஸ்கோ தொப்பியைக் கழற்றிப் பையின் மேல் வைத்தார். "அவங்களுக்கு எழுபத்தோரு வயசு. பேரு எழுதறதுக்குள்ள மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துரும்."

"அதனாலதான் இப்பவே ஆரம்பிக்கிறேன்."

க்ளோட்டி முப்பத்தோரு வருடம் ஒரு வங்கிக்காரன் வீட்டில் சமைத்தவர். இப்போது கணவர் ஏமஸோடு சொந்த அரை ஏக்கரில் இருந்தார். பைபிளைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். எழுதத்தான் கை வராது. ஒரு சனிக்கிழமை காதை மடக்கிப் பிடித்தபடியே அவர் சொன்னதுதான் ஓஸெல்லாவை விழ வைத்தது.

"ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் முன்னாடி அந்த வீட்டுல பத்து ஆம்பளைங்க உக்காந்து யாரு ஷெரீஃபு, யாரு ஜட்ஜுன்னு பேசுவாங்க. நான் காபி ஊத்திட்டே நிப்பேன். முப்பத்தோரு வருஷமா யாரு ஜெயிக்கப் போறான்னு ஊருக்கு முன்னால எனக்குத் தெரியும், ஓஸெல்லா. சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவ, நான் சொல்லி ஒருத்தன் ஜெயிக்கணும்."

இதைக் கேட்டபின் வேறு யாரை அழைத்துப் போவது?

மார்ச்சில் தொடங்கினார்கள். ஓஸெல்லா படிவத்தின் கேள்விகளை நினைவிலிருந்து மளிகைக் கடைக் காகிதப் பைகளில் எழுதிக் கொடுத்தார். எங்கே பிறந்தீர்கள், எத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறீர்கள், எப்போதாவது சிறைக்குப் போனதுண்டா, அரசியல் சட்டத்தின் இந்தப் பிரிவுக்கு என்ன பொருள். க்ளோட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ரொட்டி மாவு பிசைந்த கையால் பென்சிலைப் பிடித்தால் பென்சில்தான் உடைந்தது. ஜூலையில் கோடு நேரானது. செப்டம்பரில் ஒரு பக்கத்தை ஒரு பிழையில்லாமல் எழுதினார். அன்றைக்கு ஓஸெல்லா அவர் தலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அக்டோபர் மூன்றாவது திங்கட்கிழமை இரண்டு பேரும் போனார்கள். பதிவாளன் ஜன்னலுக்குப் பின்னால் கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஓஸெல்லா, இந்தத் தடவ ஆன்ட்டியக் கூட்டியாந்திருக்கியா?"

வயதான கறுப்பினப் பெண்களை வெள்ளையர்கள் ஆன்ட்டி என்பது பாசத்தினால் அல்ல. 'மிஸஸ்' என்று சொல்லாமல் தப்பிக்க அவர்களுக்கு அது ஒரு வழி. ஓஸெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். க்ளோட்டி பைபிள் மேல் கை வைத்து, எழுதப் போவதெல்லாம் உண்மை என்று உறுதி சொன்னார். ஒன்றரை மணி நேரம் எழுதினார். நான்கு பக்கமும் நிரம்பியதை ஓஸெல்லா தூரத்தில் நின்று பார்த்தார்.

பதிவாளன் முதல் பக்கத்தைப் பார்த்தான். இரண்டாவது பக்கத்துக்கே போகவில்லை.

"முதல் வரி காலியா இருக்கு. முடியாது."

படிவத்தின் உச்சியில், பெயருக்கு முன்னால், திரு, திருமதி, செல்வி என்று மூன்று சொற்கள் அச்சடித்திருந்தது. ஒன்றின் கீழே கோடு போட வேண்டும். க்ளோட்டி எதற்குக் கீழேயும் போடவில்லை.

காரில் திரும்பும்போது ஓஸெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏழு மாசம் அக்கா. ஏழு மாசம் உக்காந்து எழுதிப் பழகி, ஒரு கோடு. வெள்ளக்காரி அடுப்படியில நின்னு நின்னு, நம்மளும் ஒரு மிஸஸ்தான்னு கோடு போடக்கூடப் பயம் வந்துருச்சு உங்களுக்கு."

க்ளோட்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்ததும் இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ரோஸ்கோ தபால் கொடுக்க வந்தவர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "சொன்னீங்க, பிரதர் பீல். திரும்பச் சொல்ல வேணாம்" என்று ஓஸெல்லா வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் மனதுக்குள் குடைந்தது. பழைய பைத்தாள்களை எடுத்துப் பார்த்தார். எல்லாக் கேள்வியும் இருந்தது, அந்த முதல் வரி மட்டும் எதிலும் இல்லை. தனக்கு யோசிக்காமல் வருகிற ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன் தவறுக்கு ஒரு வயதான பெண்ணைத் திட்டி அனுப்பியதை நினைத்து ஓஸெல்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக மிம்ஸ் வீட்டுக்குப் போனார். க்ளோட்டியும் ஏமஸும் வாசல் படியில் உட்கார்ந்து பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் தப்பு பண்ணேன் அக்கா. அந்த வரிய நான் சொல்லியே தரல."

"நீ சொல்லித் தந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்" என்றார் க்ளோட்டி. கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வரி தெரிஞ்சுது. படிச்சேன். பத்து நிமிஷம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பயமெல்லாம் இல்ல. நான் மிஸஸ் கிடையாது, ஓஸெல்லா."

ஓஸெல்லா ஏமஸைப் பார்த்தார். ஏமஸ் கொட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டாம் வருஷம் பருத்தி எடுக்கிற நேரம்" என்றார் க்ளோட்டி. " போதகர் மரத்தடியில வெச்சு ஜெபம் பண்ணிச் சேத்து வெச்சாரு. கோர்ட்டுக்குப் போய் லைசென்ஸ் எழுதணும்னாரு. பத்தொன்பது மைலு. ஒரு நாள் லீவு குடுங்கன்னு நிலத்துக்காரன்கிட்ட கேட்டோம். பருத்தி முடியட்டும்னான். பருத்தி முடிஞ்சுது, ரோடு சேறாச்சு. சேறு காஞ்சுது, பிள்ள வந்துருச்சு. அப்புறம் பிள்ளைய இடுப்புல வெச்சுட்டுப் போய்க் கல்யாணம் எழுதுங்கன்னு கேக்க வெக்கம். அப்படியே போயிருச்சு. பைபிள் மேல கை வெச்சுட்டு, மிஸஸ்னு எப்படிக் கோடு போடறது? செல்வின்னும் போட முடியல. அஞ்சு பெத்திருக்கேன்."

"இத்தன வருஷம் சேந்து இருந்தா அதுவே கல்யாணம்தான், சட்டத்துல இருக்கு. கிரம்ப் சொல்லியிருக்காரு."

"சட்டம் ஒத்துக்கும். சத்தியம் பண்ணது நான்தானே."

ஓஸெல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்த பெண்மணி, பொய் சொல்ல மாட்டேன் என்று ஏழு மாத உழைப்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். அந்த மாவட்டத்தில் அந்தப் படிவத்தை அவ்வளவு மரியாதையாக நடத்தியவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அதை அச்சடித்தவர்கள் உட்பட.

ஏமஸ் இன்னொரு கொட்டையை உடைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இப்பப் பருத்தி எதுவும் இல்லையே. ரோடும் தார் ரோடு."

"என்ன உளறல்?" என்றார் க்ளோட்டி.

"கேக்கறேன். நாப்பத்தாறு வருஷம் பழகிப் பாத்தாச்சு. பொண்ணு பரவால்ல."

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஓஸெல்லா மணப்பெண்ணின் தலையைச் செய்தார். வெள்ளை முடியில் சீப்பு கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தாலும் மஞ்சள் அடித்துவிடும். சீப்பைத் துணியில் நான்கு தடவை ஒற்றி ஒற்றி இழுத்தார். பிறகு மூன்று பேரும் அதே நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை பக்கத்து ஜன்னல். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண், கறுப்பர் கல்யாணங்களுக்கென்று தனியாக வைத்திருந்த புத்தகத்தை எடுத்துவைத்து வயதைக் கேட்டாள். எழுபத்தொன்று, எழுபத்து நான்கு என்றதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"இப்ப என்ன அவசரம்?"

"ஊர்ல தப்பாப் பேசறாங்கம்மா" என்றார் ஏமஸ், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

ஜனவரி பிறந்தது. ஓஸெல்லாவுக்கு மறுபடி இரண்டு சாட்சி. நாற்பது பேர் அறுபதாகியிருந்தார்கள். முதல் சாட்சி க்ளோட்டிக்குத்தான் என்று ஓஸெல்லா சொன்னதும் கடையில் முணுமுணுப்பு எழுந்தது. ரோஸ்கோ நேரிலேயே கேட்டுவிட்டார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு தடவையா? என் ரெண்டையும் கிரம்ப்போட ரெண்டையும் வேற ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. பள்ளிக்கூட டீச்சருங்க ரெண்டு பேரு வேல போனாலும் பரவாயில்லன்னு காத்திருக்காங்க. உங்க பிடிவாதத்துக்கு ஊரு விலை குடுக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓஸெல்லாவுக்கே அது தெரியும். "போன தடவ அவங்க தோக்கல, பிரதர் பீல். நான் தோத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பதிவாளன் படிவத்தின் உச்சியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"போன தடவ ஒண்ணுமில்லாம இருந்தே. இப்பத் திருமதி ஆயிட்டியா, ஆன்ட்டி?"

"ஆயிட்டேன். நம்பிக்கையில்லன்னா பக்கத்து ஜன்னல்ல கேளுங்க. புஸ்தகத்துல இருக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தான். பிழை கிடைக்கவில்லை. முடிவு தபாலில் வரும் என்றான்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தபாலை மிம்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோனது ரோஸ்கோ. கடமைப்படி கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், போகாமல் நின்றார். ஓஸெல்லாவும் அங்கேதான் இருந்தார். தகுதி பெறவில்லை என்று ஒரே வரி. காரணம் கிடையாது. ரோஸ்கோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். க்ளோட்டியிடம், "என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். க்ளோட்டி ஒரு பிரிவுக்கான பதிலை வரி வரியாகச் சொன்னார்.

"நான் எழுதினதவிட நல்லா எழுதியிருக்கீங்க, சிஸ்டர் மிம்ஸ்" என்று சொல்லிவிட்டு ரோஸ்கோ வண்டியை எடுத்தார். இரண்டு சாட்சியை ஒரே ஆளுக்குச் செலவழித்துவிட்டு, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், ஓஸெல்லா வீட்டுக்கு வந்து அழுதார்.

அந்த வசந்தத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அலபாமா ரோடுகளில் அடித்தது உலகத்துக்கே தெரியும். டன்மோரிலிருந்தும் ஆட்கள் போனார்கள், அடி வாங்கினார்கள், திரும்பி வந்து ஓஸெல்லாவிடம் தலையில் தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு முடி செய்துகொண்டார்கள். ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த சில நாளில் வாஷிங்டன் அனுப்பிய ஆட்கள் வாக்காளர் பெயர் சேர்க்கத் தபால் நிலையத்தின் கீழ்த்தளத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள்.

வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஓஸெல்லா காலையில் செய்த முடியெல்லாம் பத்து மணிக்கே சுருள ஆரம்பித்துவிட்டது. க்ளோட்டியின் முறை வந்ததும் அவரும் கூடவே மேஜைக்குப் போனார். அங்கே வடக்கத்தி வெள்ளைக்கார இளைஞர் ஒருவர், சட்டை நனைய உட்கார்ந்திருந்தார்.

"நான் இவங்களுக்குச் சாட்சி."

"சாட்சியெல்லாம் வேணாங்க. அவங்க மட்டும் போதும்."

ஓஸெல்லா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இளைஞர் பெயரைக் கேட்டார், எழுதினார். வயதைக் கேட்டார். எங்கே குடியிருக்கிறார், எவ்வளவு காலமாக என்று கேட்டார். அரசியல் சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வாக்காளர் அட்டையை நீட்டினார்.

க்ளோட்டி அட்டையை வாங்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கலையே."

"எல்லாம் கேட்டாச்சுங்க. அவ்வளவுதான்."

"நான் மிஸ்ஸா மிஸஸ்ஸான்னு கேக்கல."

இளைஞர் படிவத்தைப் பார்த்தார். "அது இதுல கிடையாதுங்க. ஓட்டுப் போட அது தேவையில்ல."

"உங்களுக்குத் தேவையில்ல" என்றார் க்ளோட்டி. "நான் எழுபத்தோரு வயசுல அதுக்காகக் கல்யாணம் பண்ணிருக்கேன். எழுதுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏமஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இளைஞர் சிரிக்கவில்லை. ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையைத் திரும்ப எடுத்து, பெயருக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினார். எழுதியதைச் சரியா என்று பார்ப்பதற்காக வாய்விட்டு வாசித்தார்.

"மிஸஸ் க்ளோட்டி மிம்ஸ்."

அரசாங்க மேஜை ஒன்றில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரர் அப்படிச் சொல்லி டன்மோரில் யாரும் கேட்டதில்லை. ஓஸெல்லாவுக்குக் கண் நிறைந்து எதிரே இருந்தது எதுவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி" என்றார் க்ளோட்டி.

அவர் சொன்னார்.